32 சேலையைப் பிரித்துவிட்டு ‘அப்புறம் வரோம்க்கா’: சின்னக் கடைக்கு வருகிறவர்களிடம் என்ன எதிர்பார்க்கலாம்?

துணிக்கடை_அக்கா · புதன், இரவு 9.40

கடையைப் பூட்டிவிட்டு வந்து, தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்க இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதுவது போலத் தெரிந்தால், ஆமாம், பாதி கோபம்தான்.

தேனி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் துணிக்கடை வைத்திருக்கிறேன். பத்துக்குப் பதினாலு அடி. நான் ஒருத்தி, பள்ளிக்கூடம் விட்டால் என் மகள், அவ்வளவுதான் ஆட்கள். சின்னாளபட்டி சுங்குடி பக்கத்திலேயே கிடைத்துவிடும். நைட்டி, துண்டு, லுங்கிக்கு மாதம் ஒரு தடவை திங்கட்கிழமை பஸ் ஏறி ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போய், ராத்திரி முழுக்கச் சுற்றி எடுத்துக்கொண்டு மறுநாள் வந்து சேருவேன்.

இன்று காலை பத்தரைக்கு மூன்று பேர் வந்தார்கள். அம்மா, பெண், கூட ஒரு சித்தி. வளைகாப்புக்கு வைத்துக் கொடுக்க ஆறு சேலை வேண்டும் என்றார்கள். ஒரே ஆள் ஆறு சேலை எடுப்பது எனக்கு ஒரு வாரத்து வியாபாரம் மாதிரி, அதனால் மனதார எடுத்துப் போட்டேன். இதை விரிங்க, அதை விரிங்க, முந்தானை காட்டுங்க, பார்டர் இன்னும் அகலமா இருக்கா. அப்புறம் அந்தப் பெண் சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்கு வீடியோ கால் போட்டாள். நான் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க, ‘கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்கக்கா’ என்று வாசல் வரைக்கும் கூப்பிட்டாள். போனேன். ஒவ்வொன்றையும் விலைச் சீட்டோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து, சித்தி மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் பத்தடிக் கடையில் மெதுவாகச் சொன்னால் கேட்காதா: ‘இதே டிசைன் ஆப்ல இருநூறு ரூபா கம்மிடி.’ எழுந்தார்கள். ‘அப்புறம் வரோம்க்கா.’

மடிக்கும்போது எண்ணினேன். 32. சேலை வியாபாரம் செய்யாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கஞ்சி போட்ட காட்டன் சேலையைப் பழைய மடிப்பிலேயே திரும்ப மடிக்கவில்லை என்றால் அது புதுச் சேலை மாதிரியே இருக்காது. அடுத்து வருகிறவர் ‘இது யாரோ கட்டினதா?’ என்று கேட்பார், விலையைக் குறைக்கச் சொல்வார். ஒரு சேலைக்கு இரண்டு நிமிஷம் வைத்துக்கொண்டாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இதற்கு நடுவில் உள்பாவாடை கேட்டு வந்த ஒரு பாட்டி காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். இத்தனைக்கும் அது இன்னும் போணியே ஆகாத நேரம்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் எதுவரைக்கும் சரி, எது அதிகம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது? கடைக்காரர்கள், வாங்குகிறவர்கள், இரண்டு பக்கமும் சொல்லுங்கள்.

மளிகை_மகன் · புதன், இரவு 10.15

அக்கா, முதலில் இட்லியைச் சாப்பிடுங்கள்.

எங்களுடையது சென்னைப் புறநகரில் ஒரு மளிகைக் கடை. அப்பா தூத்துக்குடிப் பக்கம், அதனால் கடைக்கு என்ன பெயர்ப் பலகை வைத்தாலும் ஊருக்கு அது ‘அண்ணாச்சி கடை’தான். நான் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டேன், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கல்லாவில் உட்காருவேன். உங்கள் 32 சேலைக்கு எங்களிடம் ஜோடி உண்டு: போனில் பேசிக்கொண்டே வந்து, பேசிக்கொண்டே விரலால் அரை கிலோ என்று காட்டி, நாங்கள் துவரம்பருப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டிய பிறகு, போனை ஒரு விநாடி தள்ளிவைத்து ‘ஐயோ, கடலைப்பருப்பு கேட்டேன்’ என்பவர்கள். அவர் பின்னால் ஐந்து பேர் நிற்பார்கள். அதில் ஒரு சின்னப் பையன் கையில் பத்து ரூபாயை இறுக்கிக்கொண்டு கால் மணி நேரமாக நிற்பான், பெரியவர்கள் அவன் தலைக்கு மேலே கையை நீட்டி வாங்கிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பையனை முதலில் கவனிப்பதை நான் ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறேன், அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே வலித்தது வேறு. பற்று நோட்டு. 2020 ஊரடங்கில் எங்கள் தெருவில் பாதி வீடு அப்பாவின் நோட்டில்தான் ஓடியது. அவரும் யாரையும் கேட்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார். எல்லாம் சரியான பிறகு, அதே வீடுகளில் சிலர் மாதச் சாமானை, ரொக்கம் கொடுத்து, பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து தரும் ஆப்பில் வாங்குகிறார்கள். வாங்கட்டும், அவர்கள் காசு. ஆனால் இருபதாம் தேதிக்கு மேல் கை வறண்டதும் ‘அண்ணாச்சி, எழுதிக்கோங்க’ என்று எங்களிடம் வருகிறார்கள். ரொக்கம் அங்கே, கடன் இங்கே. பழைய பாக்கி இருக்கும் சிலர் எங்கள் கடையைத் தாண்டும்போது மட்டும் ரோட்டின் அந்தப் பக்கத்துக்கு மாறி நடப்பார்கள். அப்பா கண்டுகொள்ள மாட்டார். நேரில் மாட்டினால் ‘என்னம்மா, ஆளையே காணோம்?’ என்பார், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்க் கேட்டால் கடனும் வராது, ஆளும் வராது என்பது அவர் கணக்கு.

பாக்கி இருந்தால் ஒளியாதீர்கள், அதுதான் நான் கேட்பது. ஐம்பது ரூபாயாவது கொடுத்து ‘மீதி அடுத்த மாசம்’ என்று சொல்லிவிட்டுப் போனால் போதும். கடைக்காரருக்கு ராத்திரி தூக்கம் வரும்.

வெயில்காரன் · புதன், இரவு 10.50

எல்லாரும் கடைக்காரருக்கு அழுகிறீர்கள். நான் எதிர்ப்பக்கம்.

அக்கா, சேலை எடுப்பது என்றால் விரித்துத்தான் பார்ப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் போவார்கள். அது உங்கள் தொழிலில் உள்ள செலவு. அதைத் தாங்க முடியாது என்றால் மாதிரிக்கு ஒன்று விரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கடையில் எனக்கு நடப்பது இது. குளிர்ந்த தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் இரண்டு ரூபாய், கேட்டால் ‘கூலிங் சார்ஜ்’. பாக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது என்று 2011 பொட்டலப் பொருள் விதிகளிலேயே இருக்கிறது, வரி எல்லாம் அதற்குள் அடக்கம். பில் கேட்டால் முகம் மாறும். வாங்கிய மிக்ஸி ஜார் முதல் நாளே ஒழுகியது, கொண்டுபோனால் சுவரில் ஒட்டியிருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற வாசகத்தைக் காட்டினார் ஒருவர். குறையுள்ள பொருளுக்கு அந்த வாசகம் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தெளிவாகச் சொல்கிறது: பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தராமல் மறுப்பது முறையற்ற வணிகம்.

இரண்டு பக்கமும் சொல்லுங்கள் என்று முதல் பதிவிலேயே கேட்டிருக்கிறீர்கள், அதற்காக நன்றி. ஆனால் ஆப்பில் வாங்கினால் யாரும் என்னை மேலும் கீழும் பார்ப்பதில்லை.

துணிக்கடை_அக்கா · புதன், இரவு 11.05

வெயில்காரன் தம்பி, (தம்பிதானே? அண்ணன் என்றால் மன்னிக்கவும்) ஜார் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. சாயம் போனது, நெய்தலில் ஓட்டை இருந்தது என்று வந்தால் நான் பேசாமல் மாற்றிக் கொடுப்பேன். ‘மாமியாருக்குக் கலர் பிடிக்கல’ என்று ஒரு தடவை தண்ணீரில் நனைத்த சேலையோடு வந்தால்தான் பேசுவேன்.

விரித்துப் பார்ப்பது தொழிலின் செலவுதான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். 32ல் 31 வரைக்கும் எனக்கு வருத்தமில்லை. விலைச் சீட்டோடு போட்டோ எடுத்தபோதே அவர்கள் வாங்கப் போவதில்லை என்று முடிவு ஆகியிருக்கும். அதற்குப் பிறகும் அரை மணி நேரம் என்னைப் பொம்மை மாதிரி நிறுத்தி வைத்தார்களே, அதுதான்.

ஸ்க்ரூ_நட்டு · வியாழன், காலை 7.20

ஹார்டுவேர் கடை, சேலம். எங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: கழற்றிய பழைய பொருளைக் கையோடு கொண்டு வாருங்கள். தயவுசெய்து.

‘அண்ணே, ஒரு பைப் முனை, இவ்ளோ பெருசு’ என்று இரண்டு விரலை வளைத்துக் காட்டுவார்கள். அந்த விரல் வீட்டிலிருந்து கடைக்கு வருவதற்குள் அரை இஞ்சு முக்கால் இஞ்சு ஆகிவிடும். வாங்கிப் போவார்கள், சேராது, திரும்ப வருவார்கள், டேப் சுற்றிய பொருளை மாற்றிக் கொடு என்பார்கள். டேப் சுற்றி முறுக்கிப் பார்த்த பொருளை நான் யாருக்கு விற்பது? ஃபேன் ஓடவில்லை, கப்பாசிட்டர் கொடு என்பார்கள். சீலிங் ஃபேன் என்றால் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட்தான், ஆனால் மேலே எழுதியிருப்பதை ஒரு போட்டோ எடுத்து வந்தால் எனக்கும் சந்தேகம் இல்லை, உங்களுக்கும் இரண்டாவது நடை இல்லை. போட்டோ எடுப்பதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கடைக்கு வரும்போது எடுத்து வாருங்கள், அக்கா கடையிலிருந்து போகும்போது எடுக்காதீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் யோசனை. மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை, ஏன் என்று கேட்பார்கள். ஃபுட் வால்வில் குப்பையா, காற்று இழுக்கிறதா என்று விளக்கி, எந்த சைஸ் வால்வு, எப்படி மாட்டுவது என்று பேப்பரில் படம் வரைந்து கொடுப்பேன். படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள். அடுத்த வாரம் அதே ஆள் ஆன்லைனில் வாங்கிய வால்வை எடுத்து வந்து ‘இதை எப்படிண்ணே மாட்டுறது?’ என்று என்னிடமே கேட்பார். சிரித்துவிட்டுச் சொல்லித்தான் கொடுத்தேன். வேறு என்ன செய்ய.

நின்ற_கால் · வியாழன், காலை 11.30

பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் ஆறு வருஷம் சேல்ஸ் கேர்ளாக நின்றவள் நான். நின்றவள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் திட்டுவார். ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021ல்தான், நான் அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டேன். அங்கே 300 சேலை விரித்துப் போட்டுவிட்டுப் போவார்கள், எனக்கு வருத்தமே இருக்காது, விற்றாலும் விற்காவிட்டாலும் சம்பளம் அதேதான். கால் மட்டும்தான் வலிக்கும்.

அக்கா கடையில் விரிப்பவரும் அவரே, மடிப்பவரும் அவரே, நஷ்டப்படுபவரும் அவரே. பெரிய கடையில் பழகிய பழக்கத்தை அப்படியே சின்னக் கடைக்குள் கொண்டுவருவதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். அங்கே உட்கார வைத்து ஜூஸ் கொடுத்து ஐம்பது சேலை காட்டுவார்கள், அது எல்லாம் விலைக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு உதவி செய்யலாம். பார்த்துவிட்டு வேண்டாம் என்றதை அப்போதே ஓரமாகத் தள்ளி ‘இது வேண்டாம்க்கா, மடிச்சிடுங்க’ என்று சொன்னால், காட்டுகிறவர் கை சும்மா இருக்கும்போது மடித்துவிடுவார். எல்லாவற்றையும் மலையாகக் குவித்துவைத்து, கடைசியில் எழுந்து போவதுதான் கொடுமை.

வெயில்காரன் · வியாழன், மாலை 6.10

நேற்று நான் முழுதாகச் சொல்லவில்லை. மேலும் கீழும் பார்ப்பார்கள் என்று ஒரு வரியில் விட்டுவிட்டேன்.

நான் வளர்ந்த ஊரில் ஒரு பெட்டிக்கடை. எங்கள் தெருப் பிள்ளைகள் போனால் காசைக் கையில் வாங்க மாட்டார். பலகை மேல் வைக்கச் சொல்வார். மிட்டாயையும் கையில் தர மாட்டார், பலகை மேல் போடுவார். மற்ற பிள்ளைகளுக்குக் கையில். எனக்கு அப்போது எட்டு வயசு, எல்லாக் கடையிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு டவுனுக்குப் படிக்கப் போய், முதல் தடவை ஒருவர் மீதிச் சில்லறையை என் உள்ளங்கையில் வைத்தபோதுதான் தெரிந்தது.

இது ஏதோ அந்தக் காலம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், பட்டியலினக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் கிடையாது, ஊர்க் கட்டுப்பாடு என்று கடைக்காரர் சொன்ன வீடியோவை எல்லாரும் பார்த்தோம். கைது செய்தார்கள், கடைக்கு சீல் வைத்தார்கள். அந்தக் குழந்தைகள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்ததுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் சின்னக் கடை என்றால் உறவு, பாசம், ‘என்னம்மா ஆளையே காணோம்’ என்றெல்லாம் நீங்கள் எழுதும்போது, எனக்கு அந்தப் பலகை ஞாபகம் வருகிறது. சூப்பர் மார்க்கெட்டில் கூடையை நானே எடுக்கிறேன், நானே போடுகிறேன். கூடை என்னை யார் என்று கேட்பதில்லை.

மளிகை_மகன் · வியாழன், இரவு 8.45

இதற்குப் பதில் என்று எதையும் எழுத எனக்கு வாய் இல்லை. படித்துவிட்டு அப்பாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஊரில் அவருடைய பெரியப்பா கடையில் அப்படி ஒரு பலகை இருந்தது என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

துணிக்கடை_அக்கா · வியாழன், இரவு 9.30

தம்பி, நான் கேட்ட கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. என் கடையில் யார் உள்ளே வந்து மெத்தையில் உட்காருகிறார்கள், யார் வாசல் படியிலேயே நின்று கேட்கிறார்கள் என்று இன்று முழுக்கக் கவனித்தேன். இரண்டு பேர் படியிலேயே நின்றார்கள். உள்ளே வாங்க என்றேன். ஒருவர் வந்தார். இன்னொருவர் ‘பரவால்லம்மா’ என்று நின்றபடியே துண்டு வாங்கிப் போனார். அவரை இத்தனை நாளில் நான் ஒரு தடவைகூட உள்ளே கூப்பிட்டதில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சோம்பல் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை_சீட்டு · வியாழன், இரவு 10.40

மெடிக்கல் ஷாப், திருச்சி. இழை பெரிய விஷயத்துக்குப் போய்விட்டது, நான் சில்லறை விஷயத்தோடு வருகிறேன், மன்னிக்கவும்.

‘போன தடவை கொடுத்தீங்களே, மஞ்சளா குட்டியா’ என்று மாத்திரை கேட்காதீர்கள். மஞ்சளாகக் குட்டியாக ஒரு நூறு மாத்திரை இருக்கிறது. அட்டையையோ சீட்டையோ கொண்டு வாருங்கள். ஆன்டிபயாட்டிக் சிலதும் தூக்க மாத்திரையும் எச்1 பட்டியலில் வரும், சீட்டு இல்லாமல் தர முடியாது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ‘பத்து வருஷமா உங்க கடைக்குத்தான் வரேன்’ என்று கோபித்துக்கொண்டு போகிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

அட்டையில் இரண்டு மாத்திரை மட்டும் வெட்டிக் கேட்பதும் உங்கள் உரிமைதான், கையில் காசு அவ்வளவுதான் என்றால் கட்டாயம் தருவேன். ஆனால் தேதி அச்சடித்த பக்கத்தையே வெட்டிக் கேட்காதீர்கள், மீதி அட்டையை நான் விற்க முடியாது.

இன்னொன்று, இது மற்ற வாடிக்கையாளர்களுக்கு. கவுன்ட்டரில் ஒருவர் மெதுவான குரலில் எதையோ கேட்டால், நீங்கள் ஓரடி பின்னால் நில்லுங்கள். நாப்கினோ, ஆணுறையோ, கர்ப்பம் பார்க்கும் கிட்டோ, வாங்க வந்த பெண் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ‘ஒரு இருமல் மிட்டாய் கொடுங்க’ என்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். அரை மணி நேரம் கழித்து, கூட்டம் இல்லாதபோது திரும்ப வருவாள். வாரத்துக்கு ஒரு தடவையாவது இதைப் பார்க்கிறேன்.

நந்தியாவட்டை · வெள்ளி, காலை 9.15

வாங்குகிற பக்கத்திலிருந்து ஒரு கூச்ச சுபாவி பேசுகிறேன். எனக்குச் சின்னக் கடைக்குள் போகவே பயம். உள்ளே காலை வைத்ததும் ‘என்ன வேணும்மா?’ என்று கேட்கும்போதே பதற்றம் வந்துவிடும். எனக்கே தெரியாதே, பார்த்தால்தானே தெரியும். பிடிக்காமல் வெளியே வரும்போது ஏதோ திருடிவிட்டு வருவது போல இருக்கும். அதற்காகவே தேவையில்லாத ஹேர்பின், ரப்பர் பேண்டு எல்லாம் வாங்கி வீட்டில் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன். ‘சும்மா பார்க்க வந்தேன்’ என்று சொன்னால் கடைக்காரர்கள் கோபப்பட மாட்டார்களா?

பெங்களூரில் இருக்கிறேன். 2025 ஜூலையில் இங்கே பல சின்னக் கடைகளில் ‘யுபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்’ என்று பேப்பர் ஒட்டிவிட்டார்கள். யுபிஐயில் வந்த பணத்தைக் கணக்குப் பார்த்து ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியதால். எனக்குப் பர்ஸ் வைத்துக்கொள்ளும் பழக்கமே போய்விட்டது. பூக்காரம்மாவிடம் பூவைக் கையில் வாங்கிய பிறகு காசில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். முழம் போட்டு வெட்டிய பூ. அவர் எதுவும் சொல்லவில்லை, நான்தான் அன்று முழுக்க நொந்துகொண்டேன். இப்போது கடைக்குள் போகும்போதே ‘ஃபோன்ல போடலாமா?’ என்று கேட்டுவிடுகிறேன்.

வெயில்காரன் · வெள்ளி, காலை 10.05

யுபிஐக்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை, 2020 ஜனவரியிலிருந்தே. அப்புறம் ஏன் 50 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் ஃபோனில் போடலாம் என்கிறார்கள்? வருஷத்துக்கு 40 லட்சத்துக்கு மேல் பொருள் விற்றால் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். நான் சம்பளத்துக்கு வரி கட்டவில்லையா?

மளிகை_மகன் · வெள்ளி, காலை 10.40

நேர்மையாகச் சொன்னால், பாதி அந்தப் பயம்தான். மீதி: அந்தச் சத்தம் போடும் பெட்டிக்கு மாத வாடகை, காலையில் வண்டியில் சரக்கு கொண்டுவருகிறவர் ரொக்கம் கேட்பார், பேங்கில் கிடக்கும் பணத்தை எடுத்துவர அப்பாவுக்கு ஆள் இல்லை. ‘போயிடுச்சு அண்ணாச்சி’ என்று போனைத் தூரத்தில் காட்டிவிட்டு ஓடுகிறவர்களும் உண்டு. போலி ஆப்பில் பச்சை டிக் காட்டி இரண்டாயிரத்துக்கு எண்ணெய் டின் வாங்கிப் போனான் ஒருத்தன். அதனால் பெட்டி கத்தும்வரைக்கும் நில்லுங்கள், அரை நிமிஷம்தான். சந்தேகப்படுகிறார் என்று நினைக்காதீர்கள்.

சில்லறை பற்றி நான் பேச ஆரம்பித்தால் இழை தாங்காது. ஒன்று மட்டும்: பத்து ரூபாய் நாணயம் செல்லும். எல்லா டிசைனும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே மறுபடியும் சொல்லிவிட்டது. நாங்கள் மீதி கொடுத்தால் ‘இது ஓடாது, நோட்டா குடுங்க’ என்கிறீர்கள். அதே ஆள் மறுநாள் வீட்டில் சேர்ந்த பத்து ரூபாய் நாணயங்களை எங்களிடமே கொட்டுகிறார்!

பழைய_பக்கம் · வெள்ளி, பகல் 1.30

புத்தகக் கடை, மதுரை. நின்றுகொண்டே முழுப் புத்தகம் படித்துவிட்டுப் போகிற ஒரு தாத்தா உண்டு, அவருக்கு நாற்காலி போட்டிருக்கிறேன். படிப்பதில் ஒன்றுமில்லை. பக்கம் பக்கமாகப் போட்டோ எடுப்பது மட்டும் வேண்டாம், அது என் காசு கூட இல்லை, எழுதியவருடையது.

‘புத்தகக் கண்காட்சியில் பத்து சதவீதம் தள்ளுபடி, நீங்க ஏன் தரல?’ சென்னைக் கண்காட்சி 1977ல் தொடங்கியது, வருஷத்துக்கு ஒரு தடவை நடப்பது. நான் வருஷம் முழுக்க வாடகை கட்டுகிறேன். தொடர்ந்து வருகிறவர்களுக்குக் கேட்காமலே குறைத்துத்தான் தருகிறேன். எடுத்த புத்தகத்தை எடுத்த இடம் மறந்துவிட்டால் மேசை மேலேயே வைத்துவிடுங்கள். சமையல் புத்தகத்துக்கு நடுவில் சிக்கிய நாவல் ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

யாழ்_கொப்பி · வெள்ளி, இரவு 8.20

யாழ்ப்பாணத்தில் இருந்து. எங்கட ஒழுங்கையில் ஒரு சின்னக் கடை, கடன் கொப்பியும் உண்டு, மிச்சக் காசுக்கு டொபி தாற பழக்கமும் உண்டு. 2022ல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலத்தில், அந்தக் கடைக்காரர் குழந்தை இருக்கிற வீடுகளுக்கு எண்டு ஒவ்வொரு பைக்கெற்றாக உள்ளே எடுத்து வைத்தார். வழமையாக வாற ஆட்களுக்கு மட்டும். எங்களுக்குக் கிடைத்தது. முன்வீட்டுக்குப் புதிதாக வாடகைக்கு வந்திருந்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை, அவவுக்கும் கைக்குழந்தை. வெயில்காரன் சொன்னதைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. நாங்கள் எங்கட பைக்கெற்றில் பாதியைக் கொடுத்தோம், எண்டாலும் அந்தக் கடைக்காரரை எப்படி நினைப்பது எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.

நின்ற_கால் · சனி, காலை 8.00

நந்தியாவட்டை, கோபப்பட மாட்டார்கள். பெரும்பாலும். ‘சும்மா பார்க்க வந்தேன்’ என்று சொன்னால் கடைக்காரருக்கு நிம்மதி, எழுந்திருக்காமல் மேலே தொங்குவதை மட்டும் காட்டுவார். சொல்லாமல் இருந்தால்தான் அடுக்கை இறக்க ஆரம்பிப்பார்.

துணிக்கடை_அக்கா · சனி, இரவு 9.50

எல்லாருக்கும் நன்றி. அந்த மூன்று பேர் வரவில்லை, வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. வளைகாப்பு நாளை. உள்பாவாடை கேட்ட பாட்டி வந்தார், ‘அன்னிக்கு கூட்டமா இருந்துச்சு, உனக்கு நல்ல யாவாரமாத்தா’ என்றார். ஆமாம் பாட்டி என்றேன்.

மகள் ஒரு போர்டு எழுதித் தருகிறேன் என்கிறாள்: ‘பார்ப்பது இலவசம். போட்டோ எடுப்பதற்கு முன் கேட்கவும்.’ வைக்கலாமா?

மளிகை_மகன் · சனி, இரவு 10.00

வையுங்கள், ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள். எங்கள் கடையில் ‘கடன் அன்பை முறிக்கும்’ போர்டுக்கு நேர் கீழே நின்றுதான் கடன் கேட்கிறார்கள். போர்டில் சாய்ந்துகொண்டு கேட்டவர்கூட உண்டு.

வெயில்காரன் · சனி, இரவு 10.10

போர்டு வைத்தால் உத்தரவாக எழுதாமல் கேள்வியாகக் கேளுங்கள் அக்கா. அதைவிட, படியில் நிற்பவர்களுக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள்.

துணிக்கடை_அக்கா · சனி, இரவு 10.15

போட்டாயிற்று. வெள்ளிக்கிழமையே போட்டுவிட்டேன். இதுவரைக்கும் அதில் உட்கார்ந்தது என் மகள்தான்.

நந்தியாவட்டை · சனி, இரவு 10.40

அக்கா, அடுத்த மாதம் போடிநாயக்கனூரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு வருகிறேன். உங்கள் ஊர் வழியாகத்தான் வருவேன் என்று நினைக்கிறேன். சுங்குடி பார்க்க வேண்டும். இப்போதே சொல்லிவிடுகிறேன், சும்மா பார்க்கத்தான். ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா?

துணிக்கடை_அக்கா · சனி, இரவு 10.55

மதியம் இரண்டு மணி வரைக்கும் உண்டு. சும்மா பார்க்க என்றால் பதினோரு மணிக்கு மேல் வாம்மா, அதற்குள் போணி ஆகியிருக்கும். ஹேர்பின் எல்லாம் நான் விற்பதில்லை, அதனால் நீ பயப்படாமல் வெறுங்கையோடு போகலாம்.